டார்பி சுக்ரூவைத் தேடுகிறோம்: அரிதான அயர்லாந்துக் குடும்பப் பெயர், எங்கே தொடங்குவது?

கயல் | சனி, இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். நான் மாசசூசெட்ஸில், வூஸ்டர் பக்கம் இருக்கிறேன். என் மாமியாருக்கு 84 வயது. பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் சுக்ரூ. ஆங்கிலத்தில் எஸ், யு, ஜி, ஆர், யு, இ. இந்தப் பெயரில் வேறு யாரையும் அவர் பார்த்ததே இல்லையாம். கிறிஸ்துமஸுக்குள் அவருடைய பூர்வீகத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். இப்போது மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

தெரிந்தது கொஞ்சம்தான். அவருடைய கொள்ளுத்தாத்தா டார்பி சுக்ரூ 1860-களின் நடுவில் கப்பலேறி வந்தவர். 1909-இல் இறந்தார். கல்லறையில் வயது 66 என்று இருக்கிறது. அதற்குக் கீழே 'பிரையர், கெர்ரி கவுண்டியைச் சேர்ந்தவர்' என்று ஒரு வரி. பிரையர் என்றால் மடத்துத் தலைவர் என்கிறது அகராதி. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு 'முன்பு' என்றும் பொருள் உண்டே, 'முன்பு கெர்ரியில் இருந்தவர்' என்று எழுத வந்து கல்தச்சர் சொதப்பிவிட்டார் என்பது என் கணவரின் கட்சி.

மாதச் சந்தா கட்டும் ஒரு தளத்தில் ஆறு மாதம் பணம் கட்டியிருக்கிறேன். லிமரிக்கில் ஒரு டார்பியைக் காட்டி 'இவர் உங்கள் முன்னோராக இருக்கலாம்' என்று தினமும் மின்னஞ்சல் வருகிறது. இன்னொரு நண்பர், 1922-லேயே அயர்லாந்தின் பழைய ஆவணமெல்லாம் எரிந்துவிட்டது, வேலையைப் பார் என்கிறார். ஆனால் பெயர் இவ்வளவு அரிதாக இருப்பதால் தேடுவது சுலபமாகத்தானே இருக்க வேண்டும்?

பி.கு.: குடும்பச் சின்னம் போட்ட காபிக் கோப்பை ஒன்று வாங்கி மாமியாருக்குக் கொடுத்தாயிற்று. அதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம்.

பழையகணக்கு | சனி, இரவு 11.05

கல்தச்சர் மேல் பழி போடாதீர்கள். அந்தக் கல்லில் இருக்கும் மிகப் பெரிய சொத்தே அந்த ஒரு வார்த்தைதான். பிரையர் என்பது ஒரு பங்கு, அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம். கெர்ரியின் தென்மேற்கில், ஐவெரா தீபகற்பத்தின் மேற்குக் கோடியில், பாலின்ஸ்கெலிக்ஸ் கடற்கரையைச் சுற்றி இருக்கிறது. அங்கே அகஸ்தீன் சபைத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது, அதன் இடிபாடு இன்றும் கடலோரத்தில் நிற்கிறது. பங்கின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். அதனால் உங்கள் அகராதியும் தப்பு சொல்லவில்லை.

நான் கார்க்கில் 14 வருடமாக இருக்கிறேன், இந்தத் தேடலில் பலருக்கு உதவியிருக்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் 'அயர்லாந்து' என்ற ஒற்றைச் சொல்லோடுதான் வருவார்கள். அங்கே ஆவணம் எல்லாம் ஊர்வாரியாகத்தான் இருக்கும். நம் மாவட்டம் மாதிரி கவுண்டி, மொத்தம் 32. அதற்குள் பேரனி, பங்கு, கடைசியில் டவுன்லேண்ட். நம் ஊரில் குக்கிராமம், பட்டி என்கிறோமே, அந்த அளவு. நாடு முழுக்க 60,000-க்கும் மேல் இருக்கின்றன, சிலவற்றில் வீடே கிடையாது. உங்களுக்குக் கவுண்டியும் பங்கும் கல்லிலேயே கிடைத்துவிட்டன.

எரிந்த கதையில் பாதி உண்மை. 1922 ஜூன் 30, உள்நாட்டுப் போர், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரும்பகுதி அதில் போனது. 1861, 1871 தாள்களை அதற்கு வெகு முன்பே அரசே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர் காலத்தில் காகிதக் கூழாயின. தீயின் மேல் எல்லாப் பழியையும் போடுவது அரசுக்கும் வசதி. ஆனால் கத்தோலிக்கப் பங்குப் புத்தகங்கள் அந்தக் கட்டடத்தில் இல்லவே இல்லை, அந்தந்தக் கோயிலில்தான் இருந்தன. எரிந்தவை அயர்லாந்துத் திருச்சபை எனப்படும் ஆங்கிலிக்கன் சபையின் பதிவேடுகளில் பல. உங்கள் ஆள் கத்தோலிக்கரா?

கயல் | ஞாயிறு, காலை 7.20

ஆமாம், கத்தோலிக்கர். மாமியார் இன்றும் ஞாயிறு பூசை தவறமாட்டார்.

பழையகணக்கு | ஞாயிறு, காலை 10.31

அப்படியானால் சந்தாவை நிறுத்துங்கள். கெர்ரிக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அங்கத்திய கத்தோலிக்கத் திருமுழுக்கு, திருமணப் பதிவுகளை அயர்லாந்து அரசின் வம்சாவளித் தளம் எழுத்தாக்கி இலவசமாக வைத்திருக்கிறது. எல்லாக் கவுண்டிக்கும் இந்த வசதி அங்கே இல்லை. மூலப் புத்தகத்தின் படம் வேண்டுமென்றால் தேசிய நூலகத்தின் தளத்தில் 2015 முதல் இருக்கிறது, அதுவும் இலவசம். அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது. டார்பி அதற்கு முந்தியவர், ஆகவே பங்குப் புத்தகம்தான் கதி.

இனி பெயர். அரிதான பெயர் சுலபம் என்கிறீர்கள். பாதி சரி. கெர்ரிக்கு வெளியே இந்தப் பெயர் குறைவு, அது நல்லது. ஆனால் ஐவெராவுக்குள் போனால் அரிது என்ற பேச்சே இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுக்ரூ. இன்னொன்று, இப்படி ஒரே மூலையில் புழங்கும் பெயரை வெளியூர் எழுத்தர் கேட்டிருக்கவே மாட்டார், காதில் விழுந்தபடி எழுதுவார். மர்ஃபி என்றால் யாரும் மாற்றி எழுதமாட்டார்கள்.

ஐரிஷ் மொழியில் இது ஓ ஷுக்ரூ. தொடக்கம் 'ஷ'. அதனால்தான் பழைய பதிவுகளில் எஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஹெச் வரும், ஜிக்குப் பின்னால் இன்னொரு ஹெச் வரும். டிங்கிள் பக்கத்தில் பிறந்த ஐரிஷ் எழுத்தாளர் ஒருவர், 1883 முதல் 1964 வரை வாழ்ந்தவர், வல்லூறு என்ற பொருளில் 'அன் ஷவுக்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அவருடைய சொந்தக் குடும்பப் பெயர் இதேதான்.

தேடும்போது முழுப் பெயர் போடாதீர்கள். எஸ் போட்டு நட்சத்திரக் குறி, அப்புறம் ஜி, மறுபடி நட்சத்திரம், ஆர், கடைசியில் ஒரு நட்சத்திரம். அதிலும் கிடைக்காவிட்டால் எஸ் இருக்கும் இடத்தில் எல் போட்டுப் பாருங்கள். பழைய கையெழுத்தில் பெரிய எஸ்ஸும் பெரிய எல்லும் இரட்டைப் பிள்ளைகள்.

வடதுருவம் | ஞாயிறு, மதியம் 1.15

எதற்கு இவ்வளவு சுற்று? இந்தப் பெயரின் மூலம் நார்ஸ் மொழியில் இருக்கும் சிக்ஃப்ரித் மாதிரியான ஒரு பெயர் என்று படித்திருக்கிறேன். வைக்கிங் வம்சம். மாமியாருக்கு ஒரு டிஎன்ஏ பரிசோதனை செய்தால் கேள்வியே முடிந்துவிடும்.

பழையகணக்கு | ஞாயிறு, மதியம் 2.02

பெயர் நார்ஸ்தான். ஆனால் வைக்கிங்குகளோடு புழங்கிய காலத்தில் ஐரிஷ்காரர்களும் அந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். நம்மில் ஸ்டாலின் என்று பெயர் இருப்பவரெல்லாம் ஜார்ஜியாவிலிருந்து வந்தவரா என்ன? தவிர, குடும்பப் பெயரோடு சேர்ந்து இறங்குவது ஒய் குரோமோசோம். அது தகப்பனிடமிருந்து மகனுக்குத்தான் போகும். மாமியாரிடம் அது கிடையாது. சுக்ரூ என்ற பெயரோடே இருக்கும் அவருடைய சகோதரனோ சித்தப்பா மகனோ எச்சிலைக் கொடுக்க வேண்டும்.

சாதாரணப் பரிசோதனையில் உறவினர் பட்டியல் வரும், அது உதவும். சதவீதமும் வண்ண வரைபடமும் பார்த்து யாரும் கிராமத்தைக் கண்டுபிடித்ததில்லை.

லிமரிக்வாசி | ஞாயிறு, மாலை 4.48

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பெயரை வைத்து இனம் சொல்லும் பேச்சு வந்ததால் இது. நான் இருக்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ராத்கீல் என்று ஒரு ஊர். அங்கே டெஸ்கி, ஸ்விட்சர், போவனைசர், ரட்டில் என்ற பெயர்கள் இருக்கின்றன. அயர்லாந்திலேயே அரிதான பெயர்கள். கேல், நார்ஸ், ஆங்கிலம் எதுவும் இல்லை, ஜெர்மன். 1709-இல் ரைன் கரைப் பாலடினேட் பகுதியிலிருந்து அகதிகளாக வந்தவர்களை ஒரு நிலக்கிழார் தன் பண்ணையில் குடியமர்த்தினார். மெதடிஸ்ட் சபையை நியூயார்க்கில் ஊன்றிய பிலிப் எம்பரியும் பார்பரா ஹெக்கும் 1760-இல் கப்பலேறியது இந்த ஊர்ப் பக்கத்திலிருந்துதான். இவர்களின் வழிவந்த அமெரிக்கர்கள் இங்கே வந்து 'எங்கள் கெல்டிக் ரத்தம்' என்று ஆரம்பிக்கும்போது நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

கயல் | ஞாயிறு, இரவு 10.10

பழையகணக்கு ஐயா, உட்கார்ந்தேன், ஐந்து மணி நேரம். நட்சத்திரம் போட்டதும் கொட்டுகிறது. 11 விதமான எழுத்துக்கூட்டல். ஆனால் 1838 முதல் 1848 வரை பிரையர் பங்கில் ஒரு டார்பிகூட இல்லை. பக்கத்துப் பங்குகளிலும் இல்லை. பாஸ்டனில் 'தி பைலட்' என்ற பழைய கத்தோலிக்கப் பத்திரிகையில் 'காணாமல் போன நண்பர்கள்' என்று விளம்பரம் வருமாமே, 1831-இல் தொடங்கி 1921 வரை, அதையும் தேடினேன். ஊர், பங்கு, கப்பல் இறங்கிய மாதம் எல்லாம் போட்டு அக்கா தம்பியைத் தேடுகிறாள், பெண்டாட்டி புருஷனைத் தேடுகிறாள். படிக்கப் படிக்க வேலை ஓடவில்லை. அதிலும் எங்கள் ஆள் இல்லை. இவரை யாருமே தேடவில்லை போல.

முத்துநகர் | ஞாயிறு, இரவு 11.37

அக்கா, டார்பி என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? பங்குச் சாமியார் அந்தப் பெயரை எழுதியிருக்க மாட்டார்.

எங்கள் ஊர்ப் பழைய திருமுழுக்குப் புத்தகத்தில் வீட்டில் கூப்பிடும் பெயரே இருக்காது. சூசை இருக்கமாட்டார், ஜோசஃப் இருப்பார். ராயப்பன் இருக்கமாட்டார், பீட்டர் இருப்பார். அங்கேயும் அதே கதைதான். வீட்டில் ஐரிஷ் பெயர், ஏட்டில் அதற்குப் பக்கத்தில் வரும் ஒரு புனிதர் பெயர். டைக் என்பவர் டிமத்தி ஆவார், கொனொர் என்பவர் கார்னீலியஸ் ஆவார், ஓவன் என்பவர் யூஜீன் ஆவார். சொல்லுக்குச் சொல் சம்பந்தமே இருக்காது. டியர்மிட் என்ற ஐரிஷ் பெயருக்கு வாய்வழக்கு டார்பி, எழுத்து வழக்கு ஜெரமையா. முக்கியமாக கெர்ரி, கார்க் பக்கத்தில்.

ஜெரமையா என்று போட்டுப் பாருங்கள். ஞானப் பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அத்தை, சித்தப்பா, தாய்மாமனாக இருப்பார்கள்.

கயல் | திங்கள், அதிகாலை 1.55

தூக்கம் போச்சு. ஒன்றல்ல, இரண்டு ஜெரமையா.

ஒருவர் பிரையர் பங்கில் 1843 ஜனவரி. தகப்பன் மைக்கேல், தாய் ஹொனோரா கரன். இன்னொருவர் பக்கத்துப் பங்கில் 1842. தகப்பன் பெயர் அவருக்கும் மைக்கேல்! தாய் மேரி. இரண்டிலும் சுக்ரூவில் இரண்டு ஹெச் இருக்கிறது. டார்பியின் இறப்புப் பதிவில் தகப்பன் மைக்கேல், தாய் நோரா என்று இருக்கிறது. ஹொனோராதான் நோராவா? அப்படியானால் முதல் ஆள்தானே?

பழையகணக்கு | திங்கள், காலை 8.40

முத்துநகர், சபாஷ். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது.

கயல், ஹொனோராதான் நோரா. ஆனால் இன்னும் கோப்பையைத் தூக்காதீர்கள். இறப்புப் பதிவில் தாய் பெயர் சொன்னவர் யார்? செத்தவர் சொல்லமாட்டார். மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லியிருப்பார், அவர் அந்த அம்மாவைப் பார்த்தே இருக்கமாட்டார். இது ஒரு துப்பு, அவ்வளவுதான்.

இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, பக்கத்துப் பங்கு ஜெரமையாவின் கணக்கைத் தீர்க்க வேண்டும். அவர் அமெரிக்கா போகவில்லை என்று காட்டிவிட்டால் பாதிப் பாரம் இறங்கும். 1901, 1911 கணக்கெடுப்பு முழுசாக இருக்கிறது, தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் வீட்டுக்காரர் கையெழுத்தோடு பார்க்கலாம். வயதை மட்டும் நம்பாதீர்கள். 1909 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் வந்தது, 70 வயது ஆகியிருக்க வேண்டும். பிறப்புச் சான்று யாரிடமும் கிடையாது. அந்தப் பத்து வருடத்தில் அயர்லாந்துக் கிழவர்கள் பதினைந்து வயது வளர்ந்தார்கள்.

அந்த ஓய்வூதியத்தால் நமக்கு ஒரு லாபமும் உண்டு. வயதை நிரூபிக்க, 1841, 1851 கணக்கெடுப்பில் தாய் தகப்பனோடு தன் பெயர் இருப்பதைத் தேடித் தரச் சொல்லி விண்ணப்பித்தார்கள். மூலம் எரிந்துவிட்டது, தேடிய தாள்கள் தப்பிவிட்டன. டார்பியின் அக்காவோ தம்பியோ ஊரிலேயே இருந்து விண்ணப்பித்திருந்தால் மொத்தக் குடும்பமும் அந்தத் தாளில் இருக்கும்.

இரண்டாவது, மாசசூசெட்ஸ் திருமணப் பதிவு. அதில் மணமக்களின் பெற்றோர் பெயர் இருக்கும். அங்கே நின்று பதில் சொன்னது மாப்பிள்ளையே.

பெரம்பூர்ப் பையன் | திங்கள், மாலை 6.12

இழையைத் திருப்புவதாக நினைக்க வேண்டாம். நான் ஆங்கிலோ-இந்தியன், சென்னை. எங்களுக்கும் அயர்லாந்துப் பெயர்தான், மெட்ராஸ் கம்பெனிப் பட்டாளத்தில் வந்தவர் என்று பாட்டி சொல்வார். நான் எங்கே பார்க்க வேண்டும்?

பழையகணக்கு | திங்கள், மாலை 7.00

உங்களுக்கு லண்டன். பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்கள் இருக்கின்றன. மெட்ராஸ் மாகாணத் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பிரதிகள் தனி வரிசை. கம்பெனி சேர்த்த சிப்பாய்களின் பட்டியலில் பிறந்த ஊர், முந்தைய தொழில் எல்லாம் இருக்கும், அங்கேதான் பங்கின் பெயர் கிடைக்க வாய்ப்பு. கம்பெனி அயர்லாந்தில் ஏராளமாக ஆள் எடுத்தது. மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படைதான் 1881-இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியனானது, தெரியுமா? தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

வடதுருவம் | செவ்வாய், காலை 9.25

அந்தக் காபிக் கோப்பைச் சின்னம் உண்மையா என்று யாராவது சொல்லுங்களேன், மண்டை குடைகிறது.

பழையகணக்கு | செவ்வாய், காலை 9.50

காபி உண்மை. சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் கொடுக்கப்படுவது. ஒரே குடும்பப் பெயர் இருப்பவர்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்தல்ல. கொடுப்பதற்கென்றே டப்ளினில் தலைமை மரபுச்சின்ன அதிகாரி இருக்கிறார். கடைக்காரர் அவரைக் கேட்டு அச்சடிப்பதில்லை.

முத்துநகர் | செவ்வாய், இரவு 8.33

கயல் அக்கா, ஒரு கேள்வி. டார்பியின் பிள்ளைகளைப் பிறந்த வரிசையில் சொல்ல முடியுமா?

காரணம் சொல்கிறேன். அயர்லாந்தில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாம் மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். நாம் பேரன் என்கிறோமே, பெயரன், தாத்தா பெயரைத் தாங்குகிறவன். ஓ என்று குடும்பப் பெயருக்கு முன்னால் வருவதற்கும் பேரன் என்றுதான் முதல் பொருளாம். எல்லாக் குடும்பமும் கடைப்பிடித்தது என்று சொல்லவில்லை, ஆனால் பொருந்தினால் நமக்கு ஒரு சாட்சி.

கயல் | புதன், இரவு 11.48

வரிசை இதோ: மைக்கேல், மேரி, ஜான், நோரா, அப்புறம் மூன்று பேர். மூத்த மகன் மைக்கேல். இவர்தான் மாமியாரின் தாத்தா. இரண்டாவது மகள் நோரா. முத்துநகர், உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

பக்கத்துப் பங்கு ஜெரமையாவையும் பிடித்துவிட்டேன். எங்கேயும் போகவில்லை மனிதர். 1901-இல் அதே ஊரில் மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் இருக்கிறார், வயது 55. அடுத்த வீட்டில் தம்பி. 1911-இல் வயது 70! உண்மையில் 69-தான் இருக்க வேண்டும், ஆக 1901-இல் போட்டதுதான் பொய் போல. மொழி என்ற கட்டத்தில் ஐரிஷும் ஆங்கிலமும் என்று இருக்கிறது. 1911 தாளில் இன்னொரு கேள்வி, எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள். ஒன்பது, ஐந்து. அந்த இரண்டு எண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நமக்குச் சம்பந்தமே இல்லாத ஆள்.

திருமணப் பதிவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

பழையகணக்கு | வியாழன், காலை 8.15

வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கிரிஃபித் மதிப்பீட்டைப் பாருங்கள். 1847-இல் தொடங்கி 1864 வரை நாடு முழுக்க நிலத்துக்கும் வீட்டுக்கும் வரி போட எடுத்த கணக்கு. நம் ஊர் அடங்கல் மாதிரி. கெர்ரியில் 1850-களின் தொடக்கத்திலேயே முடித்துவிட்டார்கள். பிரையர் பங்கில் எத்தனை மைக்கேல் சுக்ரூ, எந்த டவுன்லேண்டில், நிலம் எவ்வளவு, யாருடைய நிலம் என்று கிடைக்கும். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் தொழிலோ பட்டப் பெயரோ தகப்பன் பெயரோ சேர்த்து எழுதியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு வந்த திருத்தப் புத்தகங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. நிலம் கைமாறும்போது பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை மேலே எழுதுவார்கள். ஒவ்வொரு முறைக்கும் வேறு நிற மை. சிவப்பு, நீலம், பச்சை. மைக்கேல் பெயர் எந்த வருடம் அடிபட்டது, மேலே யார் பெயர் வந்தது என்று பாருங்கள். அங்கே வருகிறவர் டார்பியின் அண்ணனாகவோ மச்சானாகவோ இருந்தால் அவருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் அந்த நிலத்திலேயே இருக்கக்கூடும்.

கயல் | அடுத்த செவ்வாய், இரவு 10.26

வந்துவிட்டது.

1870, வூஸ்டர். மாப்பிள்ளை பெயர் ஜெரமையா. குடும்பப் பெயரில் ஹெச் இருக்கிறது, ஜிக்குப் பின்னால். வயது 27. பெற்றோர் மைக்கேல், ஹொனோரா. டார்பி என்ற பேச்சே அந்தத் தாளில் இல்லை. ஆனால் பெண் பெயரும் தேதியும் எங்களிடம் இருக்கும் பழைய பைபிளில் டார்பி கல்யாணம் என்று எழுதியிருப்பதோடு அப்படியே பொருந்துகிறது.

கிரிஃபித்தில் பிரையர் பங்கில் மூன்று மைக்கேல்கள். எந்த மைக்கேல் என்று இன்னும் தெரியவில்லை. மூன்றில் ஒருவருக்கு அடுத்த வீடு கரன் குடும்பம். ஹொனோராவின் பிறந்த வீடு பக்கத்திலேயே இருந்திருக்கலாம் என்று மனசு சொல்கிறது, பழையகணக்கு ஐயா திட்டுவார் என்பதால் எழுதி வைக்கவில்லை. டப்ளினுக்குத் திருத்தப் புத்தகத்துக்காக மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்.

இன்று மாலை அந்த 1843 திருமுழுக்குப் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்து மாமியாரிடம் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்து வெகு நேரம் பார்த்தார். இதில் ஏன் ஹெச் இருக்கிறது என்று கேட்டார். ஐரிஷில் ஷுக்ரூ என்றுதான் சொல்வார்களாம் அத்தை என்றேன். அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவருடைய அப்பா வெளியே எல்லோரிடமும் சுக்ரூ என்று தெளிவாகச் சொல்வாராம், வீட்டில் மட்டும் ஷுக்ரூ என்பாராம். "பல் செட் சரியாகப் பொருந்தவில்லை என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேனே" என்றார்.

அவருடைய சித்தப்பா மகன் ஒருவர் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கிறார், 79 வயது, இன்னும் சுக்ரூதான். வடதுருவம், அந்த ஒய் பரிசோதனைக்கு அவரை எப்படிக் கேட்பது என்று யோசனை சொல்லுங்கள். கொஞ்சம் முன்கோபக்காரர்.